வேகமும் வெப்பமும்: கிராமத்துக் கணிப்பொறிக்கு உகந்த வரம்பு எது?

எந்த யந்திரத்திற்கும் அதனைச் செய்தோர் ஒரு வரம்பு வகுத்திருப்பர். நீர் இறைக்கும் பம்பாயினும், நெல் குற்றும் ஆலையாயினும், மேசைமீதுள்ள கணிப்பொறியாயினும் அதற்குரிய வேகமும் உஷ்ணமும் மின்னழுத்தமும் முன்னரே குறிக்கப்பட்டிருக்கும். அக்குறிப்பைத் தாண்டிச் சிறிது கூடுதலாக வேலை வாங்கலாகாதா என எண்ணுவது மனித இயல்பு. கணிப்பொறித் துறையில் இம்முயற்சிக்கு ‘ஓவர்கிளாக்கிங்’ என்று பெயர்; தமிழில் மிகைவேக இயக்கம் எனலாம். நகரத்து இளைஞர்களிடம் தொடங்கிய இவ்வழக்கம் இன்று கிராமங்களையும் எட்டியிருக்கிறது. அதனை முற்றிலும் விலக்குவதும் தவறு. அளவறியாது மேற்கொள்வதும் தவறு. எங்கே, யார், எந்த ஒழுங்கில் அதனைச் செய்யலாம் என்பதே ஆராயத்தக்கது.

திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் உள்ள பெருங்கடவிளையை இவ்வாராய்ச்சிக்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபொழுது விளவங்கோடு முதலிய நான்கு தாலுக்காக்கள் சென்னை மாநிலத்துடன் சேர்ந்தன; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை எங்கு அமைந்தாலும் இருபுறத்திலும் மண்ணும் மழையும் ரப்பர்த் தோட்டங்களும் ஒன்றே. மார்ச், ஏப்ரல் மாதங்களில் புழுக்கம் மிகுதி. ஐப்பசி, கார்த்திகையில் மாலைதோறும் இடியும் மின்னலும் உண்டு. குளிரூட்டப்பட்ட அறையும் சீரான மின்சாரமும் கிட்டும் இடத்திற்கு எழுதப்பட்ட அறிவுரைகளை அப்படியே இத்தகைய ஊருக்குக் கொண்டுவருதல் பொருந்தாது.

மிகைவேகம் என்பது யாது?

கணிப்பொறியின் மூளை எனத்தக்க செயலி ஒரு தாளத்திற்கு இசைய இயங்குகிறது. 3.6 கிகாஹெர்ட்ஸ் என்று குறிக்கப்பட்ட செயலியில் வினாடிக்கு 360 கோடித் துடிப்புகள் நிகழ்கின்றன. ஒவ்வொரு துடிப்புக்குள்ளும் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்களில் உரியவை தம் நிலையை மாற்றி முடித்தாக வேண்டும். துடிப்பை விரைவாக்கினால், மாற்றத்திற்குக் கிடைக்கும் நேரம் குறைகிறது. ஒரு கட்டத்தில் சில டிரான்சிஸ்டர்கள் உரிய நேரத்தில் மாறி முடிப்பதில்லை. கணக்கு பிழைபடுகிறது, அல்லது யந்திரம் நின்றுவிடுகிறது. அப்பொழுது செயலிக்கு அளிக்கும் மின்னழுத்தத்தைச் சிறிது உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் விரைந்து மாறுகின்றன. யந்திரம் மீண்டும் நிலைகொள்கிறது. ஆனால் உஷ்ணம் ஏறுகிறது. வேகம், அழுத்தம், வெப்பம் ஆகிய இம்மூன்றும் ஒரே கயிற்றின் மூன்று புரிகள். ஒன்றைத் தனியே இழுக்க இயலாது.

இவ்வழக்கத்திற்கு வரலாறும் உண்டு. 1998-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனம் வெளியிட்ட ‘செலரான் 300ஏ’ என்னும் மலிவான செயலி 300 மெகாஹெர்ட்ஸ் வேகத்திற்கென விற்கப்பட்டது. அதனைப் பலர் 450 மெகாஹெர்ட்ஸில் இயக்கிப் பயன்படுத்தினர். ஒன்றரை மடங்கு வேகம் செலவின்றிக் கிடைத்தது. அக்காலத்தில் தயாரிப்பாளர்கள் விட்டுவைத்த இடைவெளி அவ்வளவு பெரிது. இன்று நிலைமை வேறு. தற்காலச் செயலிகள் தம் உஷ்ணத்தையும் மின்னோட்டத்தையும் தாமே அளந்து, இடமிருக்கும்பொழுது தாமே வேகத்தை உயர்த்திக்கொள்கின்றன. தயாரிப்பாளரே இடைவெளியின் பெரும்பகுதியைப் பயன்படுத்திவிட்டார். பயனாளருக்கு மிஞ்சுவது சிறிதே. பழைய நினைவில் ஒன்றரை மடங்கை எதிர்பார்ப்போர் ஏமாற்றமே அடைவர்.

இரண்டு மின்னழுத்தங்கள்

கிராமங்களில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தை முதலில் நீக்க வேண்டும். ‘வோல்டேஜ்’ என்றதும் சுவரிலிருந்து வரும் மின்சாரமே நினைவுக்கு வருகிறது. அதன் நியம அளவு 230 வோல்ட். சட்டப்படி 6 சதவிகிதம் கூடவோ குறையவோ செய்யலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. செயலிக்குள் செல்லும் அழுத்தமோ பெரும்பாலும் 1 வோல்ட்டுக்கும் 1.4 வோல்ட்டுக்கும் இடைப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே இரு படிகள் உள்ளன. எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றுகிறது. மதர்போர்டில் செயலியைச் சுற்றியுள்ள சீராக்கிகள் அந்த 12 வோல்ட்டை ஏறத்தாழ 1.2 வோல்ட்டாகத் தணிக்கின்றன.

ஆகவே வீட்டில் ஸ்டெபிலைசர் வைத்துவிட்டால் செயலியின் அழுத்தம் சீராகிவிடும் என்று கருதுவது பிழை. ஸ்டெபிலைசர் காப்பது மின்வழங்கியையே. எனினும் சுவர் மின்சாரத்தைப் புறக்கணிப்பதும் தகாது. மாலை நேரத்தில் அழுத்தம் 180 வோல்ட்டாகத் தாழ்ந்தால், அதே திறனை அளிக்க மின்வழங்கி ஏறத்தாழ 28 சதவிகிதம் கூடுதலான மின்னோட்டத்தை இழுக்க நேரும். அதன் உள்ளுறுப்புகள் சூடேறும். மிகைவேகத்தில் இயங்கும் செயலி அச்சுமையை மேலும் பெருக்கும். மலிவான மின்வழங்கி முதலில் தளர்வது இங்கேதான். செயலியின் வேகத்தை உயர்த்த விரும்புவோர் செயலியை நோக்குமுன் மின்வழங்கியையும் நில இணைப்பையும் நோக்குதல் வேண்டும்.

ஒரு சிறு கணிதம்

செயலி உண்ணும் திறனுக்கு எளிய சூத்திரம் உண்டு. திறன், துடிப்பு வேகத்திற்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்திலும் அமைகிறது. பத்தாம் வகுப்பு மாணவரும் இதனைக் கையாளலாம். வேகத்தை மட்டும் 10 சதவிகிதம் உயர்த்தினால் திறனும் 10 சதவிகிதமே உயரும். அதற்காக அழுத்தத்தையும் 10 சதவிகிதம் உயர்த்த நேர்ந்தால், 1.1-ஐ மும்முறை பெருக்க வேண்டும், விடை 1.331. வேகத்தில் 10 சதவிகித ஆதாயம். வெப்பத்தில் 33 சதவிகிதச் செலவு. மேலும், சூடேறிய செயலியில் மின்கசிவும் மிகுவதால் உண்மைச் செலவு இதனினும் சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

இவ்வெப்பம் உஷ்ணநிலையாக எவ்வாறு தோன்றுகிறது என்பதையும் கணக்கிடலாம். செயலியின் மேலமைந்த உலோகத் தகடுகளும் விசிறியும் சேர்ந்த குளிர்விப்பானுக்கு ஒரு வெப்பத்தடை உண்டு. அது வாட்டுக்கு 0.5 டிகிரி எனக் கொள்வோம். பெட்டிக்குள் செல்லும் காற்று 34 டிகிரி சென்டிகிரேடாகவும் செயலி 65 வாட் உண்பதாகவும் இருந்தால், உஷ்ணம் 34-உடன் 32.5 கூடி 66.5 டிகிரி ஆகும். மேற்கூறியபடி மிகைவேகத்தில் இயக்கினால் திறன் 86.5 வாட், உஷ்ணம் ஏறத்தாழ 77 டிகிரி. இது தாங்கத்தக்கதே.

இனித் தூசியைக் கணக்கில் சேர்க்க வேண்டும். செம்மண் சாலையோரத்துக் கட்டடத்தில் ஈராண்டுகள் திறக்கப்படாத கணிப்பொறியின் தகடுகளுக்கிடையே தூசி கம்பளம்போல் படிந்திருக்கும். அதனால் வெப்பத்தடை வாட்டுக்கு 0.7 டிகிரியாக உயர்ந்ததெனின், மிகைவேகம் ஏதுமில்லாத 65 வாட் செயலியே 79.5 டிகிரிக்குச் செல்லும். அதாவது, தூசி படிந்த சாதாரண யந்திரம், துப்புரவாக வைக்கப்பட்ட மிகைவேக யந்திரத்தைவிடக் கூடுதலாகச் சூடேறுகிறது. தூசியும் மிகைவேகமும் ஒன்றுசேர்ந்தால் உஷ்ணம் 94 டிகிரியைத் தாண்டும். பல செயலிகளில் 95 அல்லது 100 டிகிரியில் தற்காப்பு அமைப்பு விழித்துக்கொண்டு வேகத்தைத் தானே குறைத்துவிடும். அப்பொழுது உயர்த்திய வேகமும் போய், உள்ள வேகமும் குன்றும். கிராமத்து யந்திரங்கள் மந்தமாக இயங்குவதற்குப் பலவிடங்களில் காரணம் செயலியின் முதுமையன்று; தூசியே. மிகைவேகத்தை நாடுமுன் ஒரு தூரிகையை நாடுவது அறிவுடைமையாகும்.

கண்ணுக்குப் புலப்படாத தேய்வு

உயர்ந்த அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் நேரும் கேடு இருவகைப்படும். ஒன்று, யந்திரத்தின் ஆயுள் குறைதல். செயலிக்குள் ஓடும் நுண்ணிய உலோகக் கம்பிகளில் மின்னணுக்களின் ஓட்டம் உலோக அணுக்களைச் சிறிது சிறிதாகத் தள்ளிச் செல்கிறது. மழைக்காலத்து நெய்யாறு கரையை அரிப்பதை இதற்கு ஒப்பிடலாம். 1969-ஆம் ஆண்டு ஜேம்ஸ் பிளாக் என்னும் ஆராய்ச்சியாளர் இத்தேய்வுக்கு ஒரு சமன்பாடு வகுத்தார். மின்னோட்ட அடர்த்தி கூடினாலும் உஷ்ணநிலை கூடினாலும் கம்பியின் ஆயுள் விரைந்து குறையும் என்பதே அதன் சாரம். டிரான்சிஸ்டரின் மெல்லிய காப்புப் படலமும் அழுத்தம் மிகுந்தால் காலப்போக்கில் நலிகிறது.

இது வெறும் ஏட்டுக் கூற்றன்று. 2024-ஆம் ஆண்டு இன்டெல் நிறுவனத்தின் 13-ஆம், 14-ஆம் தலைமுறை மேசைக் கணிப்பொறிச் செயலிகள் பல நிலைகுலைந்தன. துடிப்பை வழங்கும் சுற்று, உயர்ந்த அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் விரைந்து முதுமையடைந்ததே காரணம் என அந்நிறுவனமே ஆராய்ந்து அறிவித்தது. செயலி 1.55 வோல்ட்டுக்கு மேல் கோராதபடி அவ்வாண்டு ஆகஸ்டில் ஒரு நுண்நிரல் திருத்தம் வெளியாயிற்று. உத்தரவாதக் காலமும் ஈராண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே நலிந்த செயலிகளை அத்திருத்தத்தால் மீட்க இயலவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில், ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையைச் சேர்ந்த சில செயலிகள் கருகியதை ஒட்டி, அவற்றின் ஒரு பகுதிக்குரிய அழுத்தம் 1.3 வோல்ட்டுக்குள் நிறுத்தப்பட்டது. உலகின் முதன்மையான தயாரிப்பாளர்களே வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கில் இவ்வளவு கவனம் செலுத்த நேர்ந்ததெனின், அளவிடும் கருவியின்றி அழுத்தத்தை உயர்த்துவோர் எவ்வளவு எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்!

இரண்டாவது கேடு இதனினும் கொடியது. நிலைகுலைந்த யந்திரம் எப்பொழுதும் நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் ஓசையின்றித் தவறான விடையைத் தந்துவிட்டு மேலே செல்கிறது. விளையாட்டில் திரையின் மூலையில் ஒரு புள்ளி நிறம் மாறினால் இழப்பில்லை. மாணவர் மதிப்பெண் பட்டியலிலோ, முதியோர் ஓய்வூதியக் கணக்கிலோ, நிலவரிப் பதிவிலோ ஓர் இலக்கம் மாறினால் அதன் துன்பம் ஓர் ஏழைக் குடும்பத்தின் தலைமேல் விழும். யந்திரம் பிழை செய்தது என்று பின்னர் மெய்ப்பிப்பதும் எளிதன்று. 2002-ஆம் ஆண்டு மலப்புரம் மாவட்டத்தில் தொடங்கிப் பின் கேரளம் முழுதும் பரவிய அட்சய மையங்களில் இத்தகைய பணிகளே நாள்தோறும் நடைபெறுகின்றன. அங்குள்ள கணிப்பொறி ஒருவருடைய விளையாட்டுப் பொருளன்று. ஊர் மக்களின் நம்பிக்கை அதில் தங்கியிருக்கிறது.

மறுபக்க வாதம்

மிகைவேகத்தை ஆதரிப்போர் கூறும் நியாயங்களையும் கேட்க வேண்டும். புதிய யந்திரம் வாங்க வசதியற்ற மாணவன் பழைய யந்திரத்தில் கூடுதல் வேலை வாங்க முயல்வது குற்றமன்று என்பர். வெப்பம், மின்னோட்டம், அழுத்தம் ஆகியவற்றைப் பாடப்புத்தகத்தில் படிப்பதைவிடத் தன் கையால் மாற்றிப் பார்ப்பது நூறு மடங்கு மேலானது என்பர். இரண்டும் மெய்யே. திருத்தத் துணியாதவன் யந்திரத்தை அறிவதில்லை. பம்பு மோட்டாரைப் பிரித்துச் சேர்த்த சிறுவர்களே பிற்காலத்தில் நல்ல மின்பணியாளராயினர்.

ஆயினும் முதல் வாதத்தில் ஒரு குறை உண்டு. அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நடைபெறும் வேலையில் செயலியின் வேகம் பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. பழைய சுழலும் வட்டை நீக்கி எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டைப் பொருத்தினாலோ, போதாத நினைவகத்தை இரட்டித்தாலோ கிடைக்கும் விரைவு, செயலியை 10 சதவிகிதம் விரட்டிப் பெறும் விரைவைவிட மிகப் பெரிது. அதில் வெப்பமும் ஏறாது, ஆபத்தும் இல்லை. வசதியற்றவனுக்கு முதலில் சொல்லத்தக்கது இவ்வழியே.

இங்குள்ள மக்களுக்கு ஒரு நல்ல உவமை கையருகிலேயே இருக்கிறது. ரப்பர் மரத்தை நாள்தோறும் வெட்டினால் சில காலம் பால் மிகுதியாகக் கிடைக்கும். பின்னர்ப் பட்டை மரத்துப் பால் அற்றுப்போகும். அதனாலேயே ஒருநாள் விட்டு ஒருநாளோ, இருநாள் இடைவிட்டோ வெட்டும் முறை வகுக்கப்பட்டது. ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையிலும் உஷ்ணம் 60 டிகிரிக்குள் காக்கப்படுகிறது. மிகுந்தால் ஷீட் கொப்புளிக்கும். மரத்திடமும் புகைப்புரையிடமும் அளவறிந்து நடக்கும் விவசாயிக்குச் செயலியின் இலக்கணம் புதிதன்று.

ஒழுங்குமுறை

தமக்குச் சொந்தமான யந்திரத்தில் பரிசோதிக்க விரும்புவோர் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுதல் அவசியம். முதலாவது, எதையும் மாற்றுமுன் அளத்தல். அறையின் உஷ்ணம், யந்திரம் ஓய்ந்திருக்கும்பொழுது செயலியின் உஷ்ணம், முழுச் சுமையில் அரைமணி நேரம் இயங்கிய பின் உள்ள உஷ்ணம் ஆகிய மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். லினக்ஸ் இயங்குதளத்தில் ‘சென்சார்ஸ்’ என்னும் கட்டளை செயலியின் உஷ்ணத்தைக் காட்டும். அளவு பிற்பகல் இரண்டு மணிக்கு எடுக்கப்படுதல் நன்று. விடியற்காலையில் எடுத்த அளவை நம்பிச் சித்திரை மாதத்துப் பிற்பகலை எதிர்கொள்ளலாகாது.

இரண்டாவது, துப்புரவு. யந்திரத்தை அணைத்து, மின்தொடர்பைப் பிடுங்கிய பின்னரே பெட்டியைத் திறக்க வேண்டும். தூசியை மென்மையான தூரிகையால் நீக்கி, செயலிக்கும் தகட்டுக்கும் இடையே உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதிதாகச் சிறிதளவு இடுதல் வேண்டும். மிகுதியாக அப்புவதால் பயனில்லை. பெட்டியை மூலையில் சுவரோடு ஒட்டி வையாமல் காற்று வந்து போக இடம் விட வேண்டும்.

மூன்றாவது, அழுத்தத்தைத் தொடாமல் வேகத்தை மட்டும் 100 மெகாஹெர்ட்ஸ் வீதம் உயர்த்திப் பார்த்தல். எல்லாச் செயலிகளும் இதற்கு இடந்தருவதில்லை. அலுவலகச் செயலிகள் பலவற்றில் வேகம் பூட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு படியிலும் சோதனை நிரலை இயக்க வேண்டும். பெரும் பகா எண்களைத் தேடும் முயற்சிக்காகத் தோன்றிய ‘பிரைம்95’ என்னும் நிரல் இதற்கு ஏற்றது; லினக்ஸில் அது ‘எம்பிரைம்’ எனப்படும். விடை முன்னரே அறிந்த கணக்குகளைக் கொடுத்து, செயலி அதே விடையைத் தருகிறதா என அது ஒப்பிட்டுப் பார்க்கிறது. யந்திரம் நிற்காமலே செய்யும் பிழையும் இவ்வாறு வெளிப்படும். பத்து நிமிடச் சோதனை போதாது. பல மணி நேரம் ஓட வேண்டும்.

நான்காவதும் இறுதியானதும் அழுத்தம். மதர்போர்டில் ‘ஆட்டோ’ என்று விட்டால் சில வேளைகளில் அது தேவைக்கு மேல் உயர்த்திவிடும். ஆதலின் அழுத்தத்தைக் கையால் குறிப்பதே நல்லது. ஒரு முறைக்கு வோல்ட்டின் நூற்றில் ஒரு பங்கு அல்லது இரு பங்குக்கு மேல் உயர்த்தலாகாது. முழுச் சுமையில் உஷ்ணம் 80 டிகிரியைத் தாண்டினால் அங்கேயே நின்று ஒரு படி இறங்கிவிடுவது விவேகம். ஒரே நேரத்தில் இரண்டு அளவுகளை மாற்றுவோர், எது காரணம் என்பதை என்றும் அறியார்.

நீர்மக் குளிர்விப்பைப் பற்றியும் ஒரு சொல். 2022-ஆம் ஆண்டு திரவ ஹீலியத்தைக் கொண்டு ஒரு செயலி 9 கிகாஹெர்ட்ஸ் வேகத்தை எட்டியது. அது சாதனைக்காகச் சில கணங்கள் நிகழ்த்தப்படும் காட்சி. ஈரக்காற்று மிகுந்த தென்திருவிதாங்கூர்ப் பகுதியில் 32 டிகிரி உஷ்ணமும் 75 சதவிகித ஈரப்பதமும் உள்ள அறையில், 27 டிகிரிக்குக் கீழ்க் குளிர்ந்த எப்பரப்பின்மீதும் நீர் துளிர்க்கும். பனிக்கட்டி முதலியவற்றால் செயலியைக் குளிர்விக்க முயல்வோர் மதர்போர்டின்மீது தாமே மழை பெய்விப்பவராவர். இடிமழைக் காலத்தில் மின்செருகியை மட்டுமன்றி வலைத்தொடர்புக் கம்பியையும் பிடுங்கிவைப்பது மற்றொரு நல்ல வழக்கம்.

இறங்குதலும் ஒரு கலை

வேகத்தை ஏற்றுவதைப் பற்றியே பேசுவோர், அழுத்தத்தை இறக்குவதால் வரும் நன்மையைக் காண்பதில்லை. தயாரிப்பாளர்கள் தம் செயலிகளில் மிக நலிந்ததும் நிலைகொள்ளும்படி அழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாகவே குறிக்கின்றனர். பல செயலிகள் குறிக்கப்பட்ட வேகத்தில், குறிக்கப்பட்டதைவிடத் தாழ்ந்த அழுத்தத்திலும் பிழையின்றி இயங்கக்கூடும். வேகம் மாறாமல் அழுத்தத்தை 10 சதவிகிதம் குறைக்க முடிந்தால், 0.9-இன் வர்க்கம் 0.81, திறனில் 19 சதவிகிதம் மிச்சம். முன்னைய எடுத்துக்காட்டில் 65 வாட் ஏறத்தாழ 53 வாட்டாகும். உஷ்ணம் 6 டிகிரி தாழும். விசிறியின் இரைச்சல் அடங்கும், மின்தடையின்போது யு.பி.எஸ். சற்று நீடித்து உழைக்கும். தனி வீடுகளில் சோதித்துப் பழகுவோர்க்கு இதனினும் பயனுள்ள பயிற்சி வேறில்லை. இதற்கும் மேற்கூறிய சோதனைகள் அனைத்தும் இன்றியமையாதவை. அழுத்தம் மிகத் தாழ்ந்தாலும் கணக்கு பிழைபடும்.

வேகமே மேன்மை என்னும் எண்ணத்திற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. இதே திருவனந்தபுரம் மாவட்டத்தில் அமைந்த விக்ரம் சாராபாய் விண்வெளி மையம், சண்டீகரையடுத்த குறைகடத்தி ஆய்வகத்துடன் இணைந்து ‘விக்ரம் 3201’ என்னும் 32-பிட் செயலியை உருவாக்கியது. 2025-ஆம் ஆண்டு மார்ச்சில் அதன் முதல் தொகுதி வழங்கப்பட்டது. அது 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்யப்பட்டது. சாதாரண வீட்டுக் கணிப்பொறியின் செயலி வேகத்தில் அதனைப் பலமடங்கு விஞ்சும். எனினும் ராக்கெட்டைச் செலுத்த வீட்டுச் செயலியை எவரும் நாடுவதில்லை. பூஜ்யத்திற்குக் கீழ் 55 டிகிரி முதல் 125 டிகிரி வரை பிழையின்றி இயங்க வல்லது என்பதே விக்ரமின் பெருமை. எந்த வேலையில் பிழைக்கு இடமில்லையோ, அவ்வேலையில் நம்பகமே முதன்மை. வேகம் அதற்கு அடுத்தது.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. பள்ளி, பஞ்சாயத்து அலுவலகம், அட்சய மையம் முதலிய பொது இடங்களில் உள்ள கணிப்பொறிகளில் மிகைவேகத்திற்கு இடமளித்தலாகாது. பொதுப் பொருளின்மீது தனியார் சோதனை நடத்தும் உரிமை எவருக்கும் இல்லை. பழுதுற்றால் மாற்று யந்திரம் வரும்வரை காத்திருப்போர் ஊர் மக்களே. இது தண்டனைக்குரிய விஷயமாகக் கருதப்படாமல், கற்பிக்கப்படும் விதியாக அமைவது நன்று.

அடுத்து, பொது யந்திரம் ஒவ்வொன்றுக்கும் ஓர் உஷ்ணக் குறிப்பேடு வைக்கப்படுதல் வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, வேனில் தொடங்குமுன் ஒருமுறையும் துலாவருஷ மழைக்குமுன் ஒருமுறையும், முழுச் சுமை உஷ்ணத்தை அளந்து தேதியுடன் பதிவு செய்யலாம். சென்ற அளவைவிட 10 டிகிரி கூடியிருந்தால் தூசியோ விசிறியோ பேஸ்டோ காரணமென அறிந்து திருத்தலாம். இதற்குப் பணச்செலவு ஏதுமில்லை. அரைமணி நேரமும் ஒரு பென்சிலும் போதும். மருத்துவர் காய்ச்சல் அட்டவணை வைப்பதுபோல யந்திரத்திற்கும் ஓர் அட்டவணை இருப்பின், பல பழுதுகள் தோன்றுமுன்னரே தடுக்கப்படும்.

மூன்றாவதாக, இளைஞரின் ஆர்வத்திற்கு நல்வழி அமைத்தல். கேரளப் பள்ளிகளில் 2018-ஆம் ஆண்டு ‘லிட்டில் கைட்ஸ்’ என்னும் மாணவர் தகவல்நுட்பக் கழகங்கள் தொடங்கப்பட்டன. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டுப் பள்ளிகளிலும் அறிவியல் மன்றங்கள் உள்ளன. கழித்து ஒதுக்கப்பட்ட ஒரு பழைய கணிப்பொறியை அவர்களிடம் ஒப்படைத்து, வேகத்தையும் அழுத்தத்தையும் உஷ்ணத்தையும் மாற்றி வரைபடம் வரையச் செய்யலாம். திறனின் சூத்திரம் அங்கே உயிர்பெறும். ஓர் அளவில் வளைகோடு செங்குத்தாக ஏறுவதைத் தன் கையால் வரைந்த மாணவன், பிறகு தன் யந்திரத்தை அளவின்றி விரட்டமாட்டான். அந்தப் பழைய யந்திரம் சோதனையில் கருகினாலும் அது வீணன்று. ஒரு பாடத்திற்கான செலவே ஆகும்.

1974-ஆம் ஆண்டு ராபர்ட் டெனார்டும் அவருடைய துணைவர்களும், டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க அழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்து, வெப்பம் மிகாமலே வேகத்தைப் பெருக்கலாம் என்று காட்டினர். மூன்று பதிற்றாண்டுகள் அவ்வழி பயன் தந்தது. பின்னர் அழுத்தத்தை மேலும் குறைக்க இயலாத நிலை வந்தது. 2004-ஆம் ஆண்டு அக்டோபரில் இன்டெல் தன் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தையே கைவிட்டது; அதன்பின் உலகம் ஒரே செயலியை விரட்டுவதை விட்டு, பல உட்கருக்களைக் கொண்டு வேலையைப் பகிர்வதில் கருத்தைச் செலுத்தியது. பெரும் ஆலைகளே வெப்பத்திற்குத் தலைவணங்கி வழியை மாற்றிக்கொண்டன என்பதைக் கிராமத்து ஆசிரியரும் களப்பணியாளரும் நினைவிற்கொள்வது நலம். யந்திரத்தை முதலில் அளக்க வேண்டும். பிறகு துப்புரவு செய்ய வேண்டும். அதன்பின் தேவையிருந்தால் மட்டும், தமக்குரிய யந்திரத்தில் மட்டும், சிறுசிறு படியாக ஏற வேண்டும். இவ்வொழுங்கைப் பின்பற்றும் ஊரில் கணிப்பொறிகள் நீண்டு உழைக்கும். அவை தரும் கணக்கையும் மக்கள் ஐயமின்றி நம்பலாம்.